மருந்தடிப்பவரிடம் யார் சம்மதம் கேட்டார்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தேயிலை மலைகளில் ட்ரோன் பறக்கவிட்டு மருந்தடிக்கும் புதிய முறையைப் பாராட்டித் தங்கள் பத்திரிகையில் வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். டேங்கியை முதுகில் சுமந்து சரிவில் ஏறி இறங்கும் தொழிலாளிக்கு இனி விடுதலை என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். அந்த விடுதலை வரவேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. ஆனால், விஞ்ஞானக் கண்டுபிடிப்பு ஒன்று தோட்டத்துக்குள் நுழையும்போது, அதன் விளைவை உடம்பில் தாங்கப்போகிறவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை என்ற பழைய குறை இந்த ட்ரோன் விடயத்திலும் அப்படியே தொடர்வதைக் காண்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். இலங்கை மலைநாட்டின் பொகவந்தலாவைப் பகுதியிலுள்ள தமிழ்ப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். என் தகப்பனார் தோட்டத்தில் நெடுங்காலம் மருந்தடித்தவர்.

புதிய மருந்தொன்றை ஒருவரிடம் பரீட்சித்துப் பார்க்க விரும்பும் வைத்தியர், அதன் நன்மை தீமைகளை அவருக்கு விளங்கும்படி எடுத்துச் சொல்லி, அவர் மனமொப்பிச் சம்மதித்த பின்னரே அதைத் தொடங்க வேண்டும் என்பது இன்று உலகம் ஏற்றுக்கொண்ட நெறி. முகாம் கைதிகள்மீது நாசி வைத்தியர்கள் நடத்திய கொடிய பரிசோதனைகளை விசாரித்த நூரெம்பர்க் நீதிமன்றம் 1947ஆம் ஆண்டு இந்த நெறியை வகுத்தது. உலக மருத்துவச் சங்கம் 1964இல் ஹெல்சிங்கியில் அதை விரிவாக்கிப் பிரகடனம் செய்தது. நச்சு இரசாயனங்களுக்கும் இதையொத்த ஓர் ஏற்பாடு உண்டு. 1998இல் நிறைவேற்றப்பட்ட ரொட்டர்டாம் உடன்படிக்கையின்படி, பட்டியலிடப்பட்ட அபாயகரமான இரசாயனம் ஒன்றை ஏற்றுமதி செய்வதற்கு முன்னர், அதை வாங்கும் நாட்டுக்கு விபரம் தெரிவித்து அந்நாட்டின் முடிவை அறிந்துகொள்ள வேண்டும். இலங்கையும் அந்த உடன்படிக்கையில் இணைந்துள்ளது. ஆக, நோயாளியிடம் கேட்கிறார்கள், அரசாங்கத்திடம் கேட்கிறார்கள். அந்த இரசாயனத்தை வாளியில் கலந்து முதுகில் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகிறவரிடம் கேட்கும் வழக்கம் எந்தத் தோட்டத்திலும் இருந்ததாக நான் அறியேன்.

பராகுவாட் என்ற களைநாசினியை எடுத்துக்கொள்வோம். 1882இலேயே தயாரிக்கப்பட்ட அந்த இரசாயனம், பிற்பாடு ஆய்வுகூடங்களில் நிறமாற்றத்தைக் காட்டும் ஒரு சாதாரண காட்டியாகப் பயன்பட்டு வந்தது. பச்சைத் தாவரத்தை அது சில மணி நேரத்திலேயே கருக்கிவிடும் என்பதை 1955இல் பிரித்தானியாவின் ஐ.சி.ஐ. கம்பனியின் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். 1962இல் அது சந்தைக்கு வந்தது. மண்ணில் பட்டதும் களித்துகள்களோடு இறுக ஒட்டிச் செயலிழந்துவிடுவதால் தேயிலை வேருக்குப் பாதகமில்லை என்பது அதன் பெரிய சிறப்பாகப் பேசப்பட்டது. செடியின் வேருக்குக் காட்டிய அந்த அக்கறை மனிதனின் சுவாசப்பைக்குக் காட்டப்படவில்லை. இந்த நஞ்சு உடலுக்குள் சென்றால் அதை முறிக்கும் மருந்து இன்றுவரை கிடையாது.

என் தகப்பனாரின் காலத்தில், பெரட்டு என்னும் காலை ஆட்கணக்கெடுப்பு முடிந்ததும் மருந்தடிக்கும் ஆட்கள் ஸ்டோருக்குப் போவார்கள். அங்கே பெரிய கேனிலிருந்து மூடியால் அளந்து வாளியில் ஊற்றி, தண்ணீர் விட்டுக் குச்சியால் கலக்கிக் கொடுப்பார்கள். டேங்கியின் வாஷர் தேய்ந்திருந்தால், சரிவில் குனிந்து ஏறும்போதெல்லாம் மருந்து கசிந்து முதுகு நனையும். மாலையில் அவர் தண்ணீர்ப் பீலியடியில் சட்டையைக் கழற்றும்போது, டேங்கி அழுந்திய இடத்தில் தோல் சிவந்து உரிந்திருப்பதையும், கைந்நகங்கள் வெளிறிப்போய் வெடித்திருப்பதையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். அதே பீலியில்தான் டேங்கியும் கழுவப்படும். 1980ஆம் ஆண்டின் பீடைநாசினிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பிறகு கேனின் லேபலில் தமிழிலும் எச்சரிக்கை அச்சிடப்பட்டது உண்மை. ஆனால் கேன் ஸ்டோரை விட்டு வெளியே வருவதில்லை. எச்சரிக்கையை வாசிக்க வேண்டியவரின் கைக்கு வந்ததெல்லாம் கலக்கிய தண்ணீர் மட்டுமே.

பராகுவாட் எப்படி இந்த நாட்டைவிட்டுப் போனது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். 1995ஆம் ஆண்டளவில் இலங்கையில் ஓர் இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் என்ற அளவில் தற்கொலை மரணங்கள் நிகழ்ந்தன; உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் அதுவும் ஒன்று. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றுக்குப் பீடைநாசினிகளே காரணமாயிருந்தன. தொழிலாளர் குடியிருக்கும் நம் லயங்களிலும் அந்தத் துயரம் நுழையாத வரிசை குறைவு. எந்த இரசாயனத்தால் எத்தனை பேர் மரணிக்கிறார்கள் என்று வைத்தியசாலை விடுதிகளிலிருந்தே கணக்கெடுத்த நம் நாட்டு வைத்தியர்களும், பேராதனை கெட்டம்பேயிலுள்ள பீடைநாசினிப் பதிவாளர் அலுவலகமும் சேர்ந்து, மிகக் கொடியவற்றை ஒவ்வொன்றாக விலக்கினார்கள். 1995ஆம் ஆண்டோடு உலக சுகாதார நிறுவனம் மிக ஆபத்தானவை என வகைப்படுத்திய பீடைநாசினிகள் போயின. 2008 முதல் 2011 வரையான காலத்தில் டைமெத்தோயேட், பென்தியோன், பராகுவாட் ஆகியன தடைசெய்யப்பட்டன. இந்தத் தடைகளால் 1995 முதல் 2015 வரை ஏறக்குறைய 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். பயிர் விளைச்சல் இதனால் வீழ்ந்துவிடவில்லை என்பதும் ஆராய்ந்து காட்டப்பட்டது. விஞ்ஞானத்தை மனிதரின் பக்கம் நின்று கையாண்டதற்கு உலகுக்கே எடுத்துக்காட்டத்தக்க சாதனை இது. அங்கே அளக்கப்பட்டவை மனித உடல்களுக்கு நேர்ந்தவை. அதனாலேயே முடிவும் சரியாக அமைந்தது.

கிளைபோசேட் விடயத்தில் அப்படி நடக்கவில்லை. 1950இல் சுவிட்சர்லாந்தின் மருந்துக் கம்பனி ஒன்றில் உருவாக்கப்பட்டு, உபயோகமற்றது என்று ஒதுக்கப்பட்ட அந்த இரசாயனம் களையைக் கொல்லும் என்பதை 1970இல் அமெரிக்காவின் மொன்சான்டோ கம்பனியைச் சேர்ந்த ஜோன் பிரான்ஸ் கண்டுபிடித்தார். தாவரங்களிலும் சில நுண்ணுயிர்களிலும் உள்ள, மனிதரிலோ விலங்குகளிலோ இல்லாத ஒரு நொதியத்தையே அது தாக்குகிறது என்பதால் மனிதருக்குத் தீங்கில்லை என்று நம்பப்பட்டது. 2015 மார்ச் மாதத்தில் சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் அதை மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோயை ஏற்படுத்தக்கூடியது என வகைப்படுத்தியது. அதே ஆண்டின் இறுதியில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை அதற்கு மாறான முடிவுக்கு வந்தது. அறிஞர்கள் இப்படி இரு பக்கமாக நின்ற அந்த ஆண்டில்தான், வடமத்திய மாகாணத்து விவசாயிகளை வாட்டும், காரணம் இன்னும் உறுதிப்படாத சிறுநீரக நோயை முன்வைத்து, இலங்கை அரசாங்கம் கிளைபோசேட்டை நாடு முழுவதும் தடைசெய்தது. அந்த விவசாயிகளின் உயிரைப் பற்றிய அச்சம் நியாயமானது. அந்த அச்சத்தை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால், தடைக்குப் பிறகு மலைநாட்டில் என்ன நடக்கும் என்று கொழுந்தெடுக்கும் ஒரு பெண்ணிடமாவது கேட்டிருந்தால், அவள் சொல்லியிருப்பாள்.

நடந்தது இதுதான். சுரண்டி பிடித்துப் புல்வெட்ட ஆட்கள் குறைந்துபோயிருந்த தோட்டங்களில், செடிகளுக்கிடையே புல் இடுப்பளவுக்கு ஏறியது. காலையில் மலைக்கு இறங்கும் பெண் இடுப்பில் கட்டியிருக்கும் படங்கு பத்தடி நடப்பதற்குள் தொப்பலாக நனைந்து கனக்கும். அட்டைக்குச் சவர்க்காரம் பூசிப் போனாலும் அரை மணி நேரத்தில் அது கரைந்துவிடும். கால் வைக்கும் இடத்தில் பாம்பு கிடப்பதும் தெரியாது, செடிக்குள் குளவிக் கூடு தொங்குவதும் தெரியாது. இவ்வளவையும் தாண்டி அன்றைய கிலோக் கணக்கைக் குறையாமல் எடுத்து வைத்தால்தான் முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம். இன்னொரு பக்கம், கிளைபோசேட்டுக்குப் பதிலாக வேறு களைநாசினிகள் மலைகளுக்கு வந்தன. அவற்றுள் ஒன்றான எம்.சி.பி.ஏ.யின் எச்சம் இலங்கைத் தேயிலையில் இருப்பதாக யப்பான் கவலை தெரிவித்த பிறகே கொழும்பு விழித்துக்கொண்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் கிளைபோசேட் மறுபடி அனுமதிக்கப்பட்டது.

இந்த இடத்தில் ஆசிரியர் அவர்களும் வாசகர்களும் சற்று நின்று பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தனி வரம்பு வகுக்கப்படாத பீடைநாசினி எச்சத்துக்கு யப்பான் அனுமதிக்கும் பொது அளவு, ஒரு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். அவ்வளவு நுண்ணிய அளவைக் கண்டுபிடிக்கும் கருவி உலகில் இருக்கிறது, அதைக் கொண்டு தேயிலைத்தூளை அளக்கிறார்கள், அளவு கூடினால் ஒரு நாட்டின் கொள்கையே மாறுகிறது. யப்பானியப் பாவனையாளருக்கு அந்தப் பாதுகாப்பு கிடைப்பது முற்றிலும் சரி. அதே இரசாயனத்தை நாள் முழுவதும் தெளித்தவரின் சிறுநீரிலோ இரத்தத்திலோ அது எவ்வளவு இருக்கிறது என்று, நான் பிறந்து வளர்ந்த தோட்டத்திலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் யாரும் வந்து அளந்ததில்லை. அளக்கும் விஞ்ஞானம் இல்லாமற் போகவில்லை. யாருடைய உடம்பை அளப்பது என்று தீர்மானிக்கும் இடத்தில் நம்மவர் எவரும் இருக்கவில்லை.

2021இல் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரென நிறுத்திச் சேதனப் பசளைக்கு மாறச் சொன்னதும், அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே அதை மீளப்பெற்றதும் அனைவரும் அறிந்தவை. கொழுந்து குறைந்ததால் வேலைநாள் குறைந்தவர்கள் யார் என்பதையும் அறிவோம்.

இப்போது ட்ரோனுக்கு வருகிறேன். களைநாசினியை மேலிருந்து தெளித்தால் முதலில் கருகுவது தேயிலைச் செடிதான். அதைச் செடிக்கு அடியில், நிலத்தோடு சேர்த்துத்தான் அடிக்க வேண்டும். ஆகவே ட்ரோன் வந்தாலும் களைக்கு மருந்தடிப்பவரின் முதுகிலிருந்து டேங்கி இறங்கப்போவதில்லை. கட்டுரையாளர் இதைக் கவனிக்கவில்லை. ட்ரோனால் தெளிக்கக்கூடியவை இலைவழிப் பசளையும், 1946இல் இலங்கைக்கு வந்து சேர்ந்த, தேயிலை இலையைத் தாக்கும் கொப்புள நோய்க்கு அடிக்கும் பங்கசுநாசினி போன்றவையுமே. ட்ரோன் சுமக்கும் தண்ணீர் கொஞ்சம் என்பதால் கரைசல் கைத்தெளிப்பைவிடச் செறிவாக இருக்கும். துளிகள் மிக நுண்ணியவையாதலால் காற்று அவற்றை எளிதில் தள்ளிக்கொண்டு போகும். ஆனி ஆடிக் காற்று நம் மலைகளில் எப்படி அடிக்கும் என்பது இங்கே வாழ்கிறவர்களுக்குத் தெரியும். தேயிலைக்கும் லயத்துக்கும் இடையில் பல இடங்களில் ஒரு வடிகானின் அகலமே இருக்கிறது. லயத்துக்குப் பின்னால் மரக்கறித் தோட்டம், மேலே மூடியில்லாத தண்ணீர்த் தொட்டி, பக்கத்தில் குழந்தைகளைப் பராமரிக்கும் பிள்ளைக்காம்பரா. ஐரோப்பிய ஒன்றியம் 2009ஆம் ஆண்டுப் பணிப்புரையில், வானிலிருந்து பீடைநாசினி தெளிப்பதைச் சில விதிவிலக்குகளோடு பொதுவாகத் தடைசெய்தது இந்தக் காற்றுவழிப் பரவலுக்கு அஞ்சியே.

ட்ரோன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் மாணவர்களில் அதை இயக்கக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்; அந்த வேலை அவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்றே விரும்புகிறேன். தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் விஞ்ஞானிகள்மீதும் எனக்கு மிகுந்த மதிப்புண்டு. 1925 முதல் இயங்கிவரும் அந்த நிறுவகம் இல்லாவிட்டால் இந்தத் தொழில் இத்தனை காலம் நின்றிருக்காது. செடியைப் பற்றி அவர்கள் கேட்கும் நுணுக்கமான கேள்விகளை, செடிக்குப் பக்கத்தில் நிற்பவரைப் பற்றியும் கேட்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். புதிய தெளிப்பு முறையின் பரீட்சார்த்தத்தில், கொழுந்தின் எச்சத்தை அளக்கும் அதே நாளில், விருப்பம் தெரிவிக்கும் தொழிலாளரின் உடலிலும் அளந்து, முடிவை அவரவர் கையில் தமிழில் எழுதிக் கொடுக்கலாம். சுகாதார அமைச்சின் தோட்டப்புறச் சேவையில் உள்ளவர்கள் இதற்கு முன்வர வேண்டும். பீடைநாசினிச் சட்டத்தின்கீழ் ஆலோசனை வழங்கும் தொழில்நுட்பக் குழுவில், மருந்தடித்து அனுபவமுள்ள ஒரு தொழிலாளியும் கொழுந்தெடுக்கும் ஒரு பெண்ணும் அமர இடம் வேண்டும். அவர்களுக்கு இரசாயனம் தெரியாது என்று தட்டிக்கழிப்பவர்கள், எந்தச் சரிவில் காற்று எந்த நேரத்தில் திரும்பும் என்பதை எந்த ஆய்வுகூடத்தில் கற்பார்கள்? தொழிற்சங்கத் தலைவர்களையும் கேட்டுக்கொள்கிறேன். சம்பளப் பேச்சுவார்த்தையில் காட்டும் உறுதியில் ஒரு பங்கை இதற்கும் காட்டுங்கள்.

அடுத்த பரீட்சார்த்தம் எந்தத் தோட்டத்தில் நடந்தாலும், அதற்கு முன்னர் செய்யக்கூடிய, பெரிய செலவில்லாத ஒன்றிருக்கிறது. எந்த மருந்து, எந்த மலையில், எந்த நாளில் தெளிக்கப்படும், எத்தனை நாட்களுக்கு அந்த மலைக்குள் இறங்கக் கூடாது, அந்த நாட்களுக்கான பேர் எப்படிப் போடப்படும், உடம்புக்கு ஏதும் நேர்ந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பவற்றைப் பெரட்டுக்களத்தில் இரண்டு நாட்களுக்கு முன்னரே தமிழில் வாசித்து அறிவித்து, ஆட்சேபிக்கிறவர்களின் பெயரைக் குற்றமாகக் கருதாமல் எழுதிக்கொள்ள வேண்டும். ட்ரோன் தெளிப்பைப் பற்றித் தங்கள் நிருபர் இனி எழுதும்போது, இந்த அறிவித்தல் அங்கே வாசிக்கப்பட்டதா என்று தோட்ட நிர்வாகத்திடம் மட்டுமன்றிப் பெரட்டில் நின்றவர்களிடமும் விசாரித்து எழுதும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
விஞ்ஞான ஆசிரியை ஒருவர்,
பொகவந்தலாவை.