தொட்டிலில் கட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தூக்கம் வராதவர்களுக்காக விற்கப்படும், ஒரே சீராக இரைச்சல் எழுப்பும் 'வொயிட் நாய்ஸ் மெஷின்' பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் படித்தேன். என்ன விலை, எத்தனை விதமான சத்தம் வரும், எங்கே கிடைக்கும் என்றெல்லாம் இருந்தது. எவ்வளவு சத்தமாக வைக்கலாம், எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்பது மட்டும் இல்லை. அந்த மெஷின் ஒன்று இப்போது என் வீட்டிலேயே ஓடுகிறது. ஃபேன், மிக்ஸி, ஆம்ப்ளிஃபையர் என்று சத்தம் போடுகிற சாமான்களைப் பிரித்துப் பூட்டியே பிழைக்கிறவன் நான். அதனால் இதைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது.

காரைக்குடிப் பக்கம் கோட்டையூரில் ஒரு பழைய பெரிய வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் குடியிருக்கிறோம். வீட்டுக்கார ஆச்சி சென்னையில். முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வந்து போவதோடு சரி, மற்ற நாளில் வீட்டைக் கூட்டிப் பெருக்கி விளக்கு வைப்பது நாங்கள்தான். பிரசவத்துக்கு வந்த மகளுக்கு இங்கே தூக்கமே பிடிக்கவில்லை. கோயம்புத்தூரில் ராத்திரி முழுக்க ஏசி இரைந்துகொண்டிருக்கும் அறையில் படுத்துப் பழகியவள். இங்கே அமைதிக்குக் குறைவில்லை, தொல்லையே அதுதான். சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, தலைக்கு மேல் பர்மா தேக்கு. எல்லாம் சத்தத்தை அப்படியே திருப்பி அடிக்கிறவை. முற்றம் வேறு வானம் பார்க்கத் திறந்து கிடக்கிறது. முற்றத்தைச் சுற்றிய வளவில் யாராவது எவர்சில்வர் டம்ளரைக் கீழே வைத்தால் பின்கட்டில் கேட்கும். புறா சிறகடித்தாலும், தெருவில் ஒரு நாய் குரைத்தாலும், ராமேசுவரம் ரயில் ஹார்ன் அடித்தாலும் பேத்திக்குத் தூக்கிவாரிப் போடும். அவள் எழுந்தால் மகளும் எழுந்தாக வேண்டும்.

தூங்கும்போதும் காது தூங்குவதில்லை. சத்தம் பெரிதா சிறிதா என்பதைவிட, ஏற்கெனவே இருந்த சத்தத்திலிருந்து எவ்வளவு எகிறியது என்பதுதான் ஆளை எழுப்புகிறது. ஏசி ஓடும் அறையில் கதவு தட்டப்பட்டால் அந்த இரைச்சலில் பாதி அமுங்கிப்போகும். நிசப்தமான வீட்டில் அதே தட்டல் முழுசாக வந்து விழும். மெஷின் செய்கிற வேலை இந்த அமுக்குவது ஒன்றே. தூக்கத்தை அது கொண்டுவந்து தருவதில்லை.

மருமகன் ஆன்லைனில் வாங்கி அனுப்பியிருந்தார். வந்த அன்றே திருப்புளி எடுத்துவிட்டேன், தொழில்புத்தி. உள்ளே ஒரு சின்ன போர்டு, பேட்டரி, இரண்டு அங்குல ஸ்பீக்கர், அவ்வளவுதான். மழை, அருவி, அலை எல்லாம் சிப்பில் பதிந்த துண்டுப் பதிவுகள். துண்டு முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடும். ஒட்டுப்போட்ட இடத்தில் மிக லேசாக ஒரு 'டிக்'. பகலில் கடையில் வைத்துக் கேட்டால் தெரியாது. ராத்திரி படுத்துக்கொண்டு கேட்டால் அடுத்த 'டிக்' எப்போது வரும் என்று மனசு காத்திருக்க ஆரம்பித்துவிடும். அப்புறம் எங்கே தூங்குவது? வாங்குகிறவர்கள் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு வாங்குங்கள். அந்த மெஷினில் மழையை விட்டுவிட்டு வெறும் இரைச்சலில் வைத்தேன், அதில் ஒட்டு தெரியவில்லை.

வெறும் இரைச்சல் என்றால் என் வயதுக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். வால்வு ரேடியோவில் திருச்சிக்கும் இலங்கைக்கும் நடுவே முள்ளை நிறுத்தினால் 'ஸ்ஸ்ஸ்' என்று வருமே, ஏறக்குறைய அதுதான். எல்லா அலைவரிசையும் சமமாகக் கலந்திருப்பது வொயிட். கீச்சுப் பக்கத்தைக் குறைத்து, நின்று பெய்கிற மழை மாதிரி மெத்தென்று இருப்பது பிங்க். இன்னும் குறைத்துக் கனமாக்கியது பிரவுன். எங்கள் வீட்டில் பிங்க்தான் ஒத்துவந்தது. வொயிட் வைத்தால் மகளுக்குத் தலை வலிக்கிறதாம்.

இதெல்லாம் புதுசும் இல்லை. அமெரிக்காவில் 1962-லேயே பக்வால்டர் என்பவர் இதை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டார். வெளியூரில் தங்கிய விடுதியில் ஏசி ஓடாததால் அவர் மனைவிக்குத் தூக்கம் வரவில்லையாம், அதிலிருந்து பிறந்த யோசனை. அவருடைய மெஷினில் பதிவும் கிடையாது, ஒட்டும் கிடையாது. ஒரு கூட்டுக்குள் நிஜமான சின்ன ஃபேன் சுற்றும். ஆகவே காசு செலவழிக்கத் தயங்குகிறவர்கள் வீட்டில் இருக்கிற டேபிள் ஃபேனைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்துப் பாருங்கள். புஷ் தேய்ந்து 'டக் டக்' என்கிற ஃபேன் மட்டும் வேண்டாம். சீலிங் ஃபேனை எலெக்ட்ரானிக் ரெகுலேட்டரில் குறைத்து வைத்தால் சிலதில் காயில் உறுமும், அதுவும் உதவாது.

சரி, முக்கியமான விஷயம். அந்த டப்பாவோடு தொட்டிலில் மாட்டிக்கொள்ள ஒரு வாரும் வந்தது. மகள் அதைத் தூளிக் கயிற்றில் கட்டப் போனாள், நான் விடவில்லை. 2014-ல் டொராண்டோவில் மருத்துவர்கள் குழந்தைகளுக்கான இந்த மாதிரி 14 மெஷின்களை முழு வால்யூமில் வைத்து அளந்து பார்த்திருக்கிறார்கள். ஓரடி தூரத்தில் பதினான்குமே 50 டெசிபலைத் தாண்டின. மருத்துவமனையில் பச்சைக் குழந்தைகள் இருக்கும் அறைக்கு அதுதான் மேல் வரம்பு. மூன்று மெஷின்கள் 85-ஐயும் தாண்டின. 85 என்பது தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் வேலை பார்க்கிறவர்களுக்கே காதுக்கு ஏதாவது மாட்டச் சொல்கிற அளவு. டெசிபலில் பத்து கூடினால் ஒலியின் சக்தி பத்து மடங்கு என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏழடிக்குக் குறையாமல் தள்ளி வை, குறைந்த சத்தத்தில் வை, பிள்ளை தூங்கியதும் நிறுத்து என்பதுதான் மருத்துவர்கள் சொல்வது. பலன் இல்லாமலும் இல்லை. 1990-ல் இங்கிலாந்தில் பிறந்து சில நாளே ஆன 40 குழந்தைகளைப் பார்த்ததில், இரைச்சல் கேட்ட 20 பேரில் 16 பேர் ஐந்து நிமிடத்துக்குள் தூங்கிவிட்டார்கள். கேட்காத 20 பேரில் 5 பேர்தான். பெரியவர்கள் விஷயத்தில் ஆய்வுகள் இவ்வளவு தெளிவாகப் பேசுவதில்லை.

எங்கள் அறையில் ஏழடி தள்ளி வைத்தும் சத்தம் எதிர்பார்த்த அளவு இறங்கவில்லை. காரணம் அந்தச் சுவரும் தரையும்தான், எதிரொலித்தே தூக்கிக் கொடுத்துவிடுகின்றன. பழைய ஜமுக்காளம் ஒன்றைத் தரையில் விரித்து, வாசற்படியில் கனமான திரை போட்ட பிறகுதான் சத்தம் அளக்கும் செல்போன் மீட்டரில் முள் இறங்கியது. செல்போன் மீட்டர் அப்படி இப்படித்தான் காட்டும், ஆனாலும் கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்கப் போதும். இன்னொன்றையும் கவனித்தேன். திரையும் ஜமுக்காளமும் போட்டதிலேயே பாதித் தொல்லை போய்விட்டது. மெஷினை அதற்கப்புறம் பாதி வால்யூமுக்கு மேல் ஏற்ற வேண்டியிருக்கவில்லை.

ஆனால் மைக் செட் போடும் ராத்திரிகளில் இது எதுவும் எடுபடாது. அடுத்த தெருவில் விழா என்றால் ஆளுயர ஸ்பீக்கர் பாக்ஸ்கள் வந்து இறங்குகின்றன. அதிலிருந்து வரும் 'தும் தும்' சுவரைத் தாண்டி வரும், 'ஸ்ஸ்ஸ்' அதை மறைக்காது. ஒரு சத்தத்தை மறைக்க ஏறக்குறைய அதே கனத்தில் இன்னொரு சத்தம் வேண்டும், இரண்டு அங்குல ஸ்பீக்கரில் அந்தக் கனம் வராது. தெரியாதவர்கள் வால்யூமைக் கூட்டிக்கொண்டே போவார்கள். பாட்டும் அமுங்காது, பிள்ளையின் காதுதான் கெடும். என் கவலையெல்லாம் இதுதான். தூங்க விடாதவர்களை விட்டுவிட்டுத் தூங்க முடியாதவர்களிடம் மெஷின் விற்கிறோமோ என்று படுகிறது.

இதற்கு 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இருக்கின்றன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணி முதல் காலை ஆறு வரை 45. அந்த நேரத்தில் வெளியிடத்தில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. திருவிழா மாதிரி நாட்களுக்கு மாநில அரசு நள்ளிரவு பன்னிரண்டு வரை அனுமதி தரலாம், அதுவும் வருஷத்துக்குப் பதினைந்து நாளுக்கு மேல் கூடாது. விழா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மைக் செட்காரர்களின் ஆம்ப்ளிஃபையரைப் பழுது பார்த்துத்தான் என் மகளைப் படிக்க வைத்தேன். பாக்ஸைத் தெருவைப் பார்த்து வைக்காமல் பந்தலுக்குள் கூட்டத்தைப் பார்த்துச் சாய்த்து வைத்து, அந்த 'தும் தும்' பேஸைக் கொஞ்சம் குறைத்தாலே வந்திருப்பவர்களுக்குப் பாட்டு நன்றாகக் கேட்கும், பக்கத்துத் தெரு தூங்கும்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை இந்த மெஷின் பற்றிப் போடும்போது விலைக்குப் பக்கத்தில் தூரத்தையும் டெசிபலையும் சேர்த்துப் போடுங்கள், அந்தத் தொட்டில் வாரை வெட்டி எறியவும் சொல்லுங்கள். எங்கள் பக்கத்து விழாக் குழுக்களிடம் ஆடி பிறப்பதற்குள் நானே பேசிவிடுகிறேன். ஆம்ப்ளிஃபையர் மக்கர் செய்தால் அவர்கள் என்னிடம்தானே வந்தாக வேண்டும்.

இப்படிக்கு,
ஃபேன், மிக்ஸி பழுதுபார்ப்பவர்,
கோட்டையூர்.