இரண்டுக்கும் ‘இரவல்’ என்றே பொருள் தரலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு மாணவர் பகுதியில் வெளிவந்த ஆங்கிலச் சொற்பட்டியலில் ‘பாரோ’ (borrow), ‘லெண்ட்’ (lend) ஆகிய இரண்டுக்கும் ‘இரவல்’ என்ற ஒரே பொருள் தரப்பட்டிருந்தது. தமிழ்ப்பள்ளியில் பணியாற்றி ஓய்வுபெற்று, இப்போது தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலையில் வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்து வரும் நான், நாள்தோறும் திருத்தும் பிழையே இதிலிருந்துதான் பிறக்கிறது.

சென்ற வாரம் நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி, பக்கத்தில் இருந்தவனிடம் அழிப்பான் கேட்டு, ‘கேன் யூ பாரோ மீ யுவர் இரேசர்’ என்றாள். இங்கே பிள்ளைகள் பேசிப் பழகும் மலாய் மொழியில் ‘பிஞ்சாம்’ என்ற ஒரே வேர் இரு பக்கத்துக்கும் நிற்கிறது. ‘மெமிஞ்சாம்’ என்றால் வாங்குவது, ‘மெமிஞ்சாம்கான்’ என்றால் கொடுப்பது. பேச்சில் அந்தக் ‘கான்’ பல நேரம் உதிர்ந்துவிடுவதால், பிள்ளைகள் ஆங்கிலத்திலும் ஒரே சொல்லை வைத்துச் சமாளித்துவிடுகிறார்கள்.

தமிழில் ‘இரவல் வாங்கு’, ‘இரவல் கொடு’ என்று வினையே பிரித்துக் காட்டிவிடுவதால் இந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை. வாங்குபவர் எழுவாயானால் ‘பாரோ’, கொடுப்பவர் எழுவாயானால் ‘லெண்ட்’. ‘அண்ணனிடமிருந்து’ என்று நாம் சொல்லும் இடத்தில் பாரோவுடன் ‘ஃப்ரம்’ வரும்; ‘தம்பிக்கு’ என்று நான்காம் வேற்றுமை வரும் இடத்தில் லெண்டுடன் ‘டு’ வரும். ஆனால் லெண்ட், ‘லெண்ட் மீ யுவர் இரேசர்’ என்று பெறுபவரை முன்னால் நிறுத்தி, ‘டு’ இன்றியும் வரும். பாரோவுக்கு அந்த வழக்கு இல்லை. அந்த மாணவி தவறியது இங்கேதான். ‘கேன் ஐ பாரோ யுவர் இரேசர்’ என்று எழுவாயை மாற்றிக் கேட்டிருந்தாலும் சரியாகியிருக்கும். இறந்தகாலத்தில் ‘பாரோட்’ சரி, ‘லெண்டட்’ பிழை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

‘இரவல்’ என்ற ஒற்றைச் சொல் வேறு வகையிலும் போதாது. வாங்கிய மண்வெட்டியையே திருப்பித் தந்தால் அது இரவல்; பணமானால் கடன். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்து வீடுகளில் என் அம்மா பக்கத்து வீட்டில் ஒரு குவளை சீனி வாங்கி, சம்பளம் போட்டதும் அதே குவளையால் தலைதட்டி அளந்து திருப்பிக் கொடுப்பார். அளந்து வாங்கி அதே அளவு திருப்பித் தரும் அந்த முறையைத் திருக்குறள் (221) ‘குறியெதிர்ப்பை’ என்கிறது. இவை மூன்றுக்கும், வாங்குபவர் பக்கத்தில், ஆங்கிலத்தில் ‘பாரோ’ ஒன்றுதான். ‘இரவல்’ என்று மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளைக்கு, வங்கியில் பணம் ‘பாரோ’ செய்வது எப்படி விளங்கும்?

ஆகவே அடுத்த ஞாயிறு, ‘பாரோ: இரவல் வாங்கு, கடன் வாங்கு’ என்றும், ‘லெண்ட்: இரவல் கொடு, கடன் கொடு’ என்றும், ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியத்துடன் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
சுங்கை சிப்புட், பேராக், மலேசியா