இப்பருவத்தின் நிறைவும் வீட்டுத் தொட்டித் தோட்டமும்: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

இப்பருவம் நல்லபடியாக நிறைவடைந்துள்ளது. விளையாட்டு விழாவில் எல்லா வகுப்புகளும் ஆர்வத்துடன் பங்கேற்றன. ஓவியக் கண்காட்சியும் அறிவியல் வினாடி வினாவும் சிறப்பாக நடந்தேறின. நூலகத்திலிருந்து நூல்களை எடுத்துச் சென்று படிக்கும் பழக்கம் கீழ்வகுப்புகளிலும் வேரூன்றி வருகிறது. உழைத்த ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் என் பாராட்டுகள்.

நான் சற்று விரிவாகப் பேச விரும்புவது மாணவர்களின் வீட்டுத் தொட்டித் தோட்டத்தைப் பற்றி. பருவத் தொடக்கத்தில் நான்காம் வகுப்பு முதல் ஏழாம் வகுப்பு வரையிலான ஒவ்வொரு மாணவருக்கும் ஐந்து தக்காளி விதைகளையும் ஒரு குறிப்பேட்டையும் கொடுத்தனுப்பியது உங்களுக்கு நினைவிருக்கும். விதையை வீட்டில் ஒரு தொட்டியில் ஊன்றி, எட்டு வாரம் கவனித்து, கண்டதை அன்றன்றே எழுதி வர வேண்டும் என்பதே பணி. காய் பறிப்பது இதன் நோக்கமல்ல என்பதையும் அப்போதே தெரிவித்திருந்தோம்.

கடந்த வாரம் அந்தத் தொட்டிகள் பள்ளித் தாழ்வாரத்தில் வரிசையாக வைக்கப்பட்டபோது பார்க்க அழகாகவே இருந்தது. ஆனால் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போகையில் மனம் நெருடியது. பல செடிகளில் காய்கள் பழுத்துத் தொங்கின. தக்காளி விதை முளைக்கவே 5 முதல் 10 நாட்கள் ஆகும். அது நாற்றாகி இடம் மாற்றி நடும் அளவுக்கு வர மேலும் நான்கைந்து வாரங்கள் வேண்டும். நட்ட பிறகு பழம் காண ஏறத்தாழ இரண்டு மாதங்கள் பிடிக்கும். எட்டு வாரச் செடியில் பழம் இருக்க வழியில்லை. ஒரு தொட்டியில் மேல்மண்ணை விரலால் விலக்கிப் பார்த்தேன். நாற்றுப் பையின் வடிவிலேயே வேர்கள் வட்டமாகச் சுருண்டு இறுகியிருந்தன. பக்கத்தில் நின்ற மாணவனிடம், முதல் இலை எந்த வாரத்தில் வந்தது என்று கேட்டேன். அவன் நெடுநேரம் தரையைப் பார்த்துவிட்டு, "எங்க செடி வாடிப்போச்சு டீச்சர். நேத்து ராத்திரி அப்பா வேற வாங்கிட்டு வந்தாங்க" என்றான். அவனுடைய குறிப்பேட்டில் மூன்றாம் வாரத்துக்குப் பிறகு எந்தப் பக்கத்திலும் எழுத்தில்லை.

அந்தத் தந்தையின் மனம் எனக்குப் புரிகிறது. மற்ற பிள்ளைகள் செழித்த செடிகளோடு வரும்போது தம் பிள்ளை மட்டும் காய்ந்த குச்சியோடு நிற்கக் கூடாது என்ற தவிப்பு பெற்ற மனத்துக்கு இயல்பானது. வேலை முடிந்து களைத்து வந்த வேளையில் நர்சரியைத் தேடிப் போய் வாங்கி வந்ததும் அன்பினால்தான். அந்த அன்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆயினும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். பிள்ளை வளர்த்த செடிக்குப் பதிலாகக் கடைச் செடியை வைத்து அனுப்புவது, பிள்ளையைப் பொய் சொல்ல வைப்பதாகும். தன் முயற்சி வெளியில் காட்டத் தகுதியற்றது என்ற எண்ணத்தையும் அது பிள்ளையின் மனத்தில் பதித்துவிடுகிறது. வரும் பருவத்தில் அப்படிக் கொண்டுவரப்படும் செடிகள் ஏற்றுக்கொள்ளப்பட மாட்டா. பட்டுப்போன செடியும் அது பட்டுப்போன விதத்தை எழுதிய குறிப்பேடும் முழு மதிப்புடன் ஏற்கப்படும். இதில் விதிவிலக்கு கிடையாது.

இப்படிச் சொல்வதற்குக் காரணம் அதே வரிசையில் இருந்த இன்னொரு தொட்டி. ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, மஞ்சள் நிறமாகித் தலைசாய்ந்த செடியையே கொண்டு வந்திருந்தாள். "இன்று கீழ் இலை மஞ்சள். தண்ணீர் ஊற்றினேன்" என்று ஒரு நாள் எழுதியிருந்தாள். மறுநாளும் அதே வரி. அதற்கு மறுநாளும் அதே. இருவரும் சேர்ந்து, தொட்டியாக வைத்திருந்த வாளியைக் கவிழ்த்துத் தட்டினோம். சேறாகக் குழைந்த மண்ணோடு பழுப்பு நிற வேர்கள் வந்தன. தொட்டால் தோல் உரிந்தது. அழுகல் வாடை அடித்தது. அவளே வாளியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அடியில ஓட்டையே இல்ல டீச்சர்" என்றாள். வேருக்குத் தண்ணீரைப் போலவே காற்றும் தேவை என்பதையும், நீர் தேங்கிய மண்ணில் காற்றுக்கு இடமில்லாமல் வேர் அழுகுகிறது என்பதையும் அன்று அவள் கற்ற அளவுக்கு எந்தப் பாடத்திலும் கற்றிருக்க மாட்டாள்.

அந்த வாளியை அவளுக்குக் கொடுத்தது ஒரு பெரியவர் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். பல செடிகள் பிள்ளைகளின் கவனக்குறைவால் போகவில்லை. தொடக்கத்தில் நாம் செய்து தர வேண்டியவை சரியாக அமையாததால் போயின. அவற்றை முன்கூட்டியே விளக்கமாக எழுதி அனுப்பாதது பள்ளியின் குறை. அதை இப்போது ஈடுசெய்ய விரும்புகிறேன்.

தொட்டி விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. பழைய வாளி, டப்பா, சாக்குப் பை எதுவானாலும் போதும்; ஆனால் முன்பு பூச்சிமருந்தோ பெயின்டோ இருந்த டப்பாக்கள் வேண்டவே வேண்டாம். அடியில் விரல் நுழையும் அளவில் நான்கைந்து துளைகள் அவசியம். துளையிடும் வேலை பெரியவர்களுடையது. அடியில் கூழாங்கல் பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்று பலரும் நம்புகிறார்கள். அது சரியன்று. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய கற்களுக்கு நீர் எளிதில் இறங்காமல், கல்லுக்கு மேலேயே ஈரமாகத் தேங்கி நிற்கும். வேருக்கான இடமும் குறையும். மண் வெளியேறாமல் தடுக்கத் துளையின் மேல் ஒரு துண்டு வலையோ உடைந்த ஓட்டுச் சில்லோ போதும்.

ஆழமும் முக்கியம். கீரைக்கு 15 சென்டிமீட்டர் ஆழம் போதும். தக்காளிக்கு 30 சென்டிமீட்டர் ஆழமும் ஏறக்குறைய 20 லிட்டர் கொள்ளளவும் தேவை. சிறு டப்பாவில் வைத்த தக்காளி வெயில் ஏறும் முன்பே வாடிவிடும். அதைக் கண்ட பிள்ளை மேலும் மேலும் நீர் ஊற்றும். அந்த அளவுள்ள தொட்டி நீர் ஊற்றியபின் ஏறக்குறைய 20 கிலோ எடை இருக்கும் என்பதால், கைப்பிடிச் சுவரின் மேலோ பிள்ளைகள் இழுத்தால் சாயும் இடத்திலோ தயவுசெய்து வைக்காதீர்கள்.

தோட்டத்து மண்ணை அப்படியே அள்ளி நிரப்பியதுதான் இம்முறை நான் அதிகம் கண்ட பிழை. நிலத்தில் மண்புழுவும் வேரும் மண்ணைப் பொலபொலவென்று வைத்திருக்கும். தொட்டியிலோ நாலு முறை நீர் ஊற்றியதும் அது செங்கல்லைப் போல இறுகிவிடும். மண் ஒரு பங்கு, நன்கு மக்கிய உரம் ஒரு பங்கு, தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு என்று கலந்தால் ஈரமும் நிற்கும், காற்றும் புகும். கலவையைக் கையில் பிடித்து அழுத்தினால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிர வேண்டும். நார்த்தூளில் உப்பு இருக்கக்கூடும் என்பதால் இரண்டு முறை அலசிப் பயன்படுத்துவது நல்லது. இந்தக் கலவையைப் பிள்ளைகளே பிசையட்டும். கை அழுக்காவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். முடிந்தபின் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

விதையை அதன் பருமனைப் போல இரண்டு அல்லது மூன்று மடங்கு ஆழத்தில் ஊன்றினால் போதும். ஆழம் கூடினால் முளை மேலே வருவதற்குள் விதையில் சேமித்த உணவு தீர்ந்துவிடும். முளைத்த நாற்று திடீரென்று தண்டின் அடியில் மெலிந்து சாய்ந்தால், பிள்ளை எதையோ மிதித்துவிட்டதாக எண்ணிக் கடிந்துகொள்ள வேண்டாம். ஈரம் மிகுந்த மண்ணில் பூஞ்சையைப் போன்ற நுண்ணுயிரிகளால் வரும் நாற்றழுகல் அது.

நீரைப் பொறுத்தவரை, தினமும் இத்தனை மணிக்கு ஒரு குவளை என்று நேரம் குறித்துக் கொடுக்காதீர்கள். விரலை இரண்டு, மூன்று சென்டிமீட்டர் மண்ணுக்குள் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஈரமாக இருந்தால் ஊற்ற வேண்டாம். காய்ந்திருந்தால் அடித்துளை வழியே நீர் கசியும் வரை நிதானமாக ஊற்ற வேண்டும். செடியைப் பார்த்து முடிவெடுக்கும் பழக்கத்தை இது தரும். கீழே தட்டு வைத்திருந்தால் தேங்கும் நீரை உடனே கொட்டிவிடுவதோடு, வாரம் ஒருமுறை தட்டைத் தேய்த்தும் கழுவ வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு இத்தகைய சிறு நீரில்தான் பெருகுகிறது. அதன் முட்டைகள் தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நீர் வற்றிய பின்பும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். இதைத் தயவுசெய்து பெரியவர்களே கவனித்துக்கொள்ளுங்கள்.

தக்காளி, மிளகாய், கத்தரி ஆகியவற்றுக்கு நாளொன்றுக்கு 6 மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். அவ்வளவு வெயில் விழாத வீடுகள் இருப்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. வெயில் இல்லாத வீட்டுப் பிள்ளையிடம் தக்காளி விதையைக் கொடுத்தது எங்கள் தவறு. எனவே அடுத்த பருவத்தில் 3, 4 மணி நேர வெயிலிலும் வளரக்கூடிய கீரை விதைகளையும் தருவோம். வீட்டில் வெயில் எங்கு, எத்தனை மணி வரை விழுகிறது என்று விடுமுறையில் ஒரு நாள் முழுதும் பிள்ளைகள் குறித்து வந்தால், எந்த விதையைக் கொடுப்பது என்று வகுப்பாசிரியர் முடிவுசெய்ய உதவும்.

துளையிடுவதும் எடை தூக்குவதும் தட்டைக் கழுவுவதும் உங்கள் பங்கு. விதைப்பது, விரல் விட்டுப் பார்ப்பது, நீர் ஊற்றுவது, எழுதுவது ஆகியவை பிள்ளையின் பங்கு. பிள்ளை இரண்டு நாள் மறந்துவிட்டால் ஒருமுறை நினைவூட்டுங்கள். குவளையை மட்டும் நீங்கள் எடுக்காதீர்கள்.

இவ்வளவு கண்டிப்பாக எழுதியது யாரையும் புண்படுத்தியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். தொட்டியைச் சுமந்து வந்தவர்களுக்கும், உரம் கலக்கக் கற்றுக்கொடுத்த தாத்தா பாட்டிகளுக்கும், வாடிய செடியையும் மறைக்காமல் கொடுத்தனுப்பிய பெற்றோர்களுக்கும் மனமார்ந்த நன்றி. மஞ்சள் செடியைக் கொண்டுவந்த மாணவியின் வாளிக்கு அவளுடைய அம்மா அன்று மாலையே துளையிட்டுத் தந்துவிட்டதாகவும், மீதமிருந்த இரண்டு விதைகளை அதில் ஊன்றியிருப்பதாகவும் நேற்று வந்து சொன்னாள். விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் முதல் வாரத்தில் குறிப்பேடுகளை மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள். தொட்டிகள் வீட்டிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
அன்புடன்,
தலைமையாசிரியர்