அலமாரிக்குப் போகாத மைக்ரோஸ்கோப்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு அறிவியல் இணைப்பில், ‘ஒளி நுண்ணோக்கிக்கு இனி பள்ளிக்கூட அலமாரிதான், எலக்ட்ரான் நுண்ணோக்கி உயிருள்ள செல்லையே அக்குவேறு ஆணிவேறாகக் காட்டிவிடுகிறது’ என்று ஒரு வரி. கட்டுரையாளர் அந்த உயிருள்ள செல்லை எங்கே பார்த்தார் என்று கேட்டுச் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஒளிக்குப் பதில் எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சுகிறார்கள், காற்றில் அந்த எலக்ட்ரான்கள் சிதறிவிடும் என்பதால் கருவியின் உட்புறத்தை வெற்றிடமாக்குகிறார்கள் என்பது தாங்கள் அறியாததல்ல. திசுவிலிருந்து நீரை அகற்றி, பிசினில் பதித்து, 100 நானோமீட்டருக்கும் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) குறைந்த கனத்தில் சீவி, யுரேனியம், ஈய உப்புகளை ஏற்றித்தான் உள்ளே அனுப்புவார்கள். மேற்பரப்பை மட்டும் பார்க்கும் வகையென்றால் பெரும்பாலும் தங்கப் பூச்சு. இத்தனைக்கும் பிறகு ஒரு செல் உயிரோடிருந்தால் அதற்கு நானே மாலை போடுகிறேன்.

அரசு மருத்துவமனை ஆய்வகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். குளிர்காய்ச்சலோடு வருபவரின் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம். அதை ஸ்லைடில் மெல்ல இழுத்து, உலர்த்தி, லெய்ஷ்மன் சாயமிட்டு, மேலே ஒரு துளி எண்ணெய் விட்டு, நூறு மடங்கு லென்ஸைத் திருப்புவோம். சிவப்பணுவுக்குள் மெல்லிய நீல வளையமும், அதில் குங்குமப் பொட்டு போல ஒரு புள்ளியும் தெரிந்தால் மலேரியா. அன்றைக்கே மருந்து தொடங்கிவிடும். சளியில் காசநோய்க் கிருமியைத் தேடியதும் அதே மேசையில்தான். கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை ஆங்கிலேய மருத்துவர் ரொனால்ட் ராஸ் 1897இல் செகந்திராபாத்தில் கண்டதும் ஒளி நுண்ணோக்கியில்தான். அலமாரிக்காம்!

எலக்ட்ரான் கருவியின் பெருமையை நான் குறைக்கவில்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர். ஆகவே சுமார் 200 நானோமீட்டருக்குள் நெருங்கி நிற்கும் இரண்டு புள்ளிகள், எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும், சாதாரண ஒளி நுண்ணோக்கியில் ஒன்றாகக் குழம்பித்தான் தெரியும். ஜெர்மன் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே 1873இலேயே கணக்குப் போட்டுச் சொன்னது இது. சுமார் 100 நானோமீட்டரே உள்ள கொரோனா வைரஸின் உருவம் தெரிய வேண்டுமென்றால், 1931இல் ஜெர்மனியில் க்னோல், ருஸ்கா என்ற இருவர் தொடங்கிவைத்த எலக்ட்ரான் கருவி வேண்டும். தங்கள் கட்டுரையிலோ ‘லட்சம் மடங்கு, பத்து லட்சம் மடங்கு’ என்ற வாய்ப்பாடு மட்டும்தான் இருக்கிறது.

கொரோனா காலத்தில் முதல் பக்கத்தில் செக்கச் செவேலென்று ஒரு படம் போட்டு, ‘மைக்ரோஸ்கோப்பில் தெரியும் வைரஸ்’ என்று எழுதினீர்கள். எலக்ட்ரான் படத்தில் சிவப்பு ஏது, பச்சை ஏது? வருவது கறுப்பு வெள்ளை. வண்ணம் பிறகு கணினியில் பூசுவது. அன்றே எழுதினேன், வெளியாகவில்லை. அந்த வாரம் ராசிபலனில் நேர்ந்த பிழைக்கு மட்டும் பெட்டி கட்டி வருத்தம் தெரிவித்திருந்தீர்கள்.

நான் கேட்பது பெரிதல்ல. இனி இத்தகைய படங்களின் கீழே எந்த வகை நுண்ணோக்கி, நிறம் சேர்க்கப்பட்டதா, என்ன அளவு என்று ஒரு வரி போடுங்கள். இடம் போதாதென்றால் ராசிபலனில் ஒரு ராசியைக் குறைத்துக்கொள்ளலாம். என் ராசியையே எடுத்துவிடுங்கள், ஆட்சேபம் இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர்,
திருவாரூர்.