பெத்லகேமில் ஒரு ஞாயிறு

பாளையங்கோட்டை
17.11.2019

அன்புள்ள கனகத்துக்கு,

ஸ்தோத்திரம். எருசலேம் யாத்திரை முடிந்து ஊர் திரும்பிப் பதினோரு நாளாகிறது. நீ இரண்டு தடவை போன் பண்ணியும் நான் சரியாகப் பேசவில்லை, கோபித்துக்கொள்ளாதே. போனில் சொல்லித் தீர்கிற விஷயமாக இல்லை. கால் வீக்கம் வடிந்துவிட்டது. நீ கேட்ட யோர்தான் தண்ணீர் ஒரு குப்பி பத்திரமாக இருக்கிறது. உன் ஊர்ப் பேரே உள்ள நாசரேத்தில் பஸ் நின்றதும் சித்தி உன்னை நினைத்து, "நாசரேத்திலிருந்து யாதொரு நன்மை உண்டாகக்கூடுமா?" என்று வேதத்தில் நாத்தான்வேல் கேட்ட கேள்வியைக் கேட்டாள். நாங்கள் சிரித்த சிரிப்பில் எங்கள் சபைப் போதகர் ஐயர் திரும்பிப் பார்த்தார்.

கலிலேயாவை நீ பார்க்கணும் ஏட்டி. கடல் என்கிறோமே, 21 கிலோமீட்டர் நீளமுள்ள நல்ல தண்ணீர் ஏரி அது. படகுக்காரர் நடுவில் இஞ்சினை நிறுத்தினார், ஒருவருக்கும் பேச்சு எழும்பவில்லை. ஒலிவமலையில், ஆண்டவர் கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தை நூற்றுக்கு மேற்பட்ட மொழிகளில் சுவரில் பதித்த கோவில் இருக்கிறது. தமிழைக் கண்டதும் போட்டோவுக்கு முண்டியடித்தோம். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

நான் சொல்ல வந்தது பெத்லகேம். மூன்று ராத்திரி அங்கேதான் தங்கினோம். காலையில் பஸ் எருசலேமுக்குக் கிளம்பும். வழியில் பாலஸ்தீனப் பகுதியான பெத்லகேமைப் பிரித்து இஸ்ரேல் கட்டின அந்த உயரமான கான்கிரீட் சுவர், சோதனைச் சாவடி. துப்பாக்கியோடு ஒரு சிப்பாய் ஏறி, பாஸ்போர்ட் அட்டைகளைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுவான். நமக்கு அவ்வளவுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் ஒலிவமரச் சாமான் கடைக்குக் கூட்டிப்போனார்கள். கடைக்காரர் எழுபதைத் தாண்டியவர். ஒரு ஒட்டகத்தின் காலை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள் மரத்தில் கறுப்பு ரேகை, விரலிடுக்கெல்லாம் தூள். கவாத்து பண்ணின கிளைகளில்தான் செய்வார்களாம். நம்மவர்கள் நாலு சிலுவை பத்து டாலருக்குத் தருவீரா என்று பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் அரபி பேசுவதைக் கேட்டு, "முஸ்லிமாயிருப்பாரோட்டி?" என்று சித்தி என் காதில் கேட்டாள். கைடு அதை அவரிடம் சொல்லிவிட்டார். அவர் முகம் சுளிக்கவில்லை. ஒட்டகத்தைக் கீழே வைத்துவிட்டு "அபானா" என்று தொடங்கிப் பரமண்டல ஜெபத்தை முழுசாகச் சொன்னார். ஒரு வார்த்தை புரியவில்லை கனகம். ஆனால் அவர் நிறுத்துகிற இடத்தை வைத்தே அப்பம் எங்கே, மன்னிப்பு எங்கே என்று எனக்குத் தெரிந்தது. நானும் தமிழில் கூடவே சொன்னேன். அவர் ஆமீன் என்றார், நான் ஆமென் என்றேன்.

அவருடைய மகன்கள் இரண்டு பேரும் சிலி நாட்டில். அந்த ஊர்க் கிறிஸ்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே போகிறார்களாம். ஒரு காலத்தில் ஊரில் பாதிக்கு மேல் இருந்தவர்கள் இன்று சிறு கூட்டம். எருசலேம் ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டர், நமக்குத் தாழையூத்து மாதிரி. அங்கே ஆண்டவரின் கல்லறை ஆலயத்துக்குப் போக அவருக்கு இஸ்ரேலின் அனுமதிச் சீட்டு வேண்டும். பண்டிகைக்குக் கிடைத்தாலும் கிடைக்கும், கிடைக்காமலும் போகும். எங்கிருந்தோ வந்த நான் மூன்று நாளில் இரண்டு தடவை போய்விட்டேன்.

மறுநாள் ஞாயிறு. நாற்பத்தாறு பேரும் ஓட்டல் சாப்பாட்டு அறையில் நமக்குள்ளே ஆராதனை வைத்தோம். ஐயர் பிரசங்கத்தில் இருக்கும்போது வெளியே மணி அடித்தது. ஜன்னலில் பார்த்தால், பிள்ளைகளுக்குத் தலைசீவி, கையைப் பிடித்து, சனங்கள் கோவிலுக்குப் போகிறார்கள். அதற்குமேல் பிரசங்கம் என் காதில் ஏறவில்லை. அது ஆண்டவர் பிறந்த ஊர்ச் சபை! நம் ஊருக்கு இத்தனை பேர் வந்து லாட்ஜில் ஜெபித்துவிட்டுப் போனால் நமக்கு எப்படி இருக்கும்? கையைப் பிடித்து இழுத்து, கோவில் விருந்தான அசனப் பந்தியில் உட்காரவைத்திருக்க மாட்டோமா? ஆண்டவர் பிறந்த இடத்தில் பதித்த வெள்ளி நட்சத்திரத்தை முத்தமிட ஒரு மணி நேரம் வரிசையில் நின்றோம். விசுவாசிகளை ஜீவனுள்ள கற்கள் என்று பேதுரு எழுதினாரே, அவர்கள் பக்கத்துத் தெருவில் இருந்தார்கள். ஐயரிடம் சொன்னேன். அவருக்கும் வருத்தம்தான். ஏஜென்டு போட்ட அட்டவணையில் அதற்கு இடமில்லை.

உங்கள் சேகரத்துச் சபையார் பிப்ரவரியில் போகிறீர்கள் அல்லவா? உங்கள் ஐயரிடம் இப்போதே பேசு, நீ பிடித்தால் விடமாட்டாய். ஞாயிறு காலையை அட்டவணையில் காலியாக வைக்கச் சொல். அங்கே லுத்தரன் ஆலயத்தில் அரபியில் ஆராதனை உண்டு. முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். மொழி தெரியாவிட்டாலும் முறைமை நமக்குப் பழகினதுதான். கடையில் விலை பேசாதே, யாரையும் பேசவிடாதே.

அந்த ஒட்டகம் உனக்குத்தான். ஒரு கால் மட்டும் சொரசொரப்பாக இருக்கும். அவர் தேய்த்து முடிப்பதற்குள் பஸ் ஹாரன் அடித்துவிட்டது. அசனத்துக்கு வரும்போது குப்பியோடு வாங்கிக்கொள்.

அன்புடன்,
ஜெபா