மூலிகை மவுத்வாஷ் காய்ச்சும் குமரி மகளிர் குழுக்களுக்கு

குழு அக்காமாருக்கும் தங்கச்சிமாருக்கும் தக்கலைப் பக்கம் பல் மருத்துவம் பார்க்கும் ஒருத்தியின் வணக்கம்.

உங்களில் ஒரு குழு விற்ற பாட்டிலை, என்னிடம் வரும் ஒருவர் கொண்டுவந்து காட்டினார். மூடியைத் திறந்ததுமே கிராம்பு வாசம் தூக்கியது. 2021-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் குமரிக் கிராம்பு, கேட்கவா வேண்டும்! அதிலுள்ள யூஜினால் என்ற எண்ணெய்ச் சத்தைத்தான் நாங்களும் துத்தநாக ஆக்சைடு பொடியோடு குழைத்துத் தற்காலிகமாகப் பல் அடைக்கிறோம். திரிபலாக் கஷாயம் பல்லில் படியும் கிருமிப் படலத்தைக் குறைப்பதாக ஆய்வுகளும் உண்டு. சரக்கில் எனக்குச் சண்டை இல்லை.

லேபிளில்தான் சண்டை. 'மார்த்தாண்டம் தேன் கலந்தது' என்று போட்டிருக்கிறீர்கள். தேனில் முக்கால் பங்குக்கு மேல் சர்க்கரைதானே? ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற கிருமி அதைத் தின்று அமிலமாக்கும். பல்லைச் சுற்றி பி.எச். அளவு (குறையக் குறைய அமிலம் கூடுதல் என்று பொருள்) 5.5-க்குக் கீழே போனால், பல்லின் மேலோடான எனாமல் கரையத் தொடங்கும். இதில் 'படுக்கப் போகும் முன் கொப்பளிக்கவும்' என்று வேறு! தூக்கத்தில் எச்சில் சுரப்பதே குறைவு. அமிலத்தைக் கழுவ ஆளிருக்காது. தேனை இருமலுக்கு விற்றுக்கொள்ளுங்கள், நானே வாங்குகிறேன்.

அடுத்த வரி இன்னும் மோசம்: 'ஃப்ளோரைடு இல்லாதது, பேஸ்ட் தேவையில்லை, சொத்தையைக் குணமாக்கும்.' குழி விழுந்த பல்லை எந்தக் கஷாயமும் மூடாது, அடைக்கத்தான் வேண்டும். சொத்தை வராமல் தடுப்பதில் நன்றாக நிரூபணமானது ஃப்ளோரைடு பேஸ்ட்தான். அதில் ஃப்ளோரைடு 1000 முதல் 1500 பிபிஎம் வரை (பத்து லட்சம் பங்கில் இத்தனை பங்கு) இருக்கவேண்டும். அந்தப் பேஸ்டை நிறுத்தச் சொல்லி ஒரு பாட்டிலை விற்பது நியாயமில்லை.

அப்புறம் சில்லறை விஷயங்கள். காய்ச்சிய கஷாயம் சும்மா வைத்தால் சீக்கிரமே கெட்டுவிடும்; தயாரித்த தேதியும் காலாவதித் தேதியும் உங்கள் பாட்டிலில் இல்லை. கிராம்பு எண்ணெயை அளவில்லாமல் ஊற்றினால் ஈறு புண்ணாகும். ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். மருந்து என்று சொல்லி விற்க 1940-ஆம் ஆண்டு மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டப்படி உரிமமும் வேண்டும்.

ஆகவே புது லேபிள் அடிக்கும் முன் தேனையும் அந்த 'ஃப்ளோரைடு இல்லாதது' வரியையும் எடுத்துவிடுங்கள். 'படுக்கப் போகும் முன்' என்பதற்குப் பதில், 'மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் கொப்பளிக்கவும்' என்று போடுங்கள். பல் தேய்த்த கையோடு கொப்பளித்தால் பேஸ்டில் உள்ள ஃப்ளோரைடும் சேர்ந்து கழுவிப் போய்விடும்.