உள்வாடகைக்காரருக்கும் வழி வேண்டும்

ஐயா,

வாடகை ஒப்பந்தப் பதிவு பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம், உரிமையாளரின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் வாடகைதாரர் தான் எடுத்த வீட்டை இன்னொருவருக்கு உள்வாடகைக்கு விடக் கூடாது என்கிறது. சரி. ஆனால், சம்மதம் வாங்காமல் விட்டவர் செய்த தவறுக்கு, குடிவந்தவர் ஏன் பணத்தை இழக்க வேண்டும்?

சென்னையில் ஒரு வீட்டின் பின்பக்கப் போர்ஷனில் 14 மாதம் உள்வாடகைக்கு இருந்தேன். மொத்த வாடகையில் சரிபாதி என்று சொல்லி மாதம் 9,000 ரூபாய் வாங்கினார் முதல் வாடகைதாரர். மோட்டார் ரிப்பேர் பார்க்க வந்த வீட்டுக்காரர், முழு வீட்டுக்குமே 11,000தான் என்றார். நான் கூடுதலாகக் கொடுத்தது 49,000 ரூபாய்! திருப்பிக் கேட்டபோது, "உங்க பேர்ல அக்ரிமென்ட் இருக்கா?" என்ற பதில்தான் வந்தது. ஒப்பந்தம் இல்லை, ஆனால் மாதாமாதம் ஜிபேயில் அனுப்பிய பணத்துக்குக் கணக்கு இருக்கிறது. அந்த வங்கி விவரத்தையே சான்றாக ஏற்று, கூடுதல் வாடகையைத் திரும்பப் பெற உள்வாடகைக்காரரும் இந்தச் சட்டப்படி நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்க அரசு விதிகளில் இடம் தர வேண்டும்.

ஒரு வாசகர், சென்னை